சீர்காழி தந்த நூலகத் தந்தை

இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்



ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும் என்று மாணவர் பேரவையில் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யா பற்றி எழுது, அப்துல் கலாம் பற்றி எழுது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இருவரும் பெரியவர்கள்தான். ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது எஞ்சினியரே இல்லாத ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றி. சீர்காழியில் பிறந்து, சென்னையில் உழைத்து, நம்ம ஓசூருக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரில் கண்ணை மூடிய எஸ்.ஆர். ரங்கநாதன் அவர். இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

ஏன் அவரை எடுத்தேன் என்று கேட்கிறீர்களா? அதற்கு என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பூட்டிய பீரோவும் என் கூச்சமும்

நான் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். டிப்ளமோ சேர்ந்த புதுசில் ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம், எங்கே என்பது இங்கே வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள், எல்லாவற்றுக்கும் பூட்டு. உள்ளே தடித்தடியாகப் புத்தகங்கள். கவுண்டரில் போய் நின்றேன். புத்தகத்தின் பெயர் என்ன, ஆசிரியர் யார் என்று கேட்டார்கள். அது தெரிந்தால் நான் ஏன் தவிக்கப் போகிறேன்? எனக்குத் தெரிந்தது என் சந்தேகம் மட்டும்தான். பேந்தப் பேந்த விழித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்த நூலகத்துக்குள்ளும் காலடி வைக்கவில்லை.

இறுதியாண்டில் ப்ராஜெக்ட் வந்தது. ஊத்தங்கரைப் பக்கம் மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளிதான். எங்கள் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பவர்தான். சாயங்காலம் விரலெல்லாம் புண்ணாகி, சோறு பிசையவே கஷ்டப்படுவார். அதனால் புளியங்கொட்டை எடுக்கும் சின்ன மிஷின் ஒன்று செய்யலாம் என்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். இரண்டு ரோலர், ஒரு ஸ்பிரிங், கால் எச்.பி. மோட்டார். செய்து ஓட்டினால் ஒன்று கொட்டை உடைந்தது, இல்லாவிட்டால் புளி ரோலரில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் போட்டு மூன்று வாரம் வீணாய்ப் போனது.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு பொது நூலகத்துக்குப் போய், ஸ்பிரிங் டிசைன் புத்தகம் இருக்கா மேடம் என்று கேட்டேன். அந்த நூலகர் அம்மா உடனே இருக்கு, இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பிரிங் எதுக்குப்பா என்று கேட்டார். மிஷினுக்கு என்றேன். என்ன மிஷின், யாருக்கு, எங்கே தடங்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். நீ தேடுவது மெக்கானிக்கல் அலமாரியில் இல்லைப்பா, விவசாய அலமாரியில் இருக்கு என்று சொல்லி, அறுவடைக்குப் பின் விளைபொருளைப் பதப்படுத்துவது பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அதைப் படித்த பிறகுதான் எங்கள் தப்பு ஸ்பிரிங்கில் இல்லை, புளியின் ஈரப்பதத்தில் இருக்கிறது என்பது புரிந்தது. சரியாக உலராத புளியை எந்த ரோலரில் விட்டாலும் ஒட்டத்தான் செய்யும். மூன்று வாரம் கிடைக்காத விடை கால் மணி நேரத்தில் கிடைத்தது!

ஆச்சரியத்தோடு நன்றி சொன்னேன். இதெல்லாம் எனக்கு ரங்கநாதன் படிப்பித்தது, நூலகப் படிப்பில் ரெபரன்ஸ் சர்வீஸ் என்று ஒரு பாடமே இருக்கு என்று சிரித்தார். யார் அந்த ரங்கநாதன் என்று தேடத் தொடங்கினேன். தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆன கதை

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் 1892 ஆகஸ்ட் மாதம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து 1913-இல் பி.ஏ., 1916-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் குருவாக அமைந்தார். அந்தக் குரு-சீடர் உறவு கடைசி வரை நீடித்தது.

நண்பர்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரங்கநாதனுக்குச் சின்ன வயசிலிருந்தே திக்குவாய் உண்டு. நாலு பேர் முன்னால் வாய் திறப்பதே அவருக்குப் போராட்டம். அப்படிப்பட்டவர் எந்த வேலைக்குப் போனார் தெரியுமா? ஆசிரியர் வேலைக்கு! 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் நடத்தினார். விடாமுயற்சியால் திக்கலையும் பெருமளவு அடக்கி, மாணவர்கள் விரும்பும் ஆசிரியராகப் பெயர் வாங்கினார்.

அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகர் பதவியை உருவாக்கியது. சம்பளம் கல்லூரி ஆசிரியரைவிடக் கூடுதல். நண்பர்கள் வற்புறுத்தியதால் ரங்கநாதனும் மனுப் போட்டார். நூலகம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எடுத்து, நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். வேடிக்கையைப் பாருங்கள்! பின்னாளில் ரெபரன்ஸ் நூல்களைப் பயன்படுத்துவது எப்படி என்று உலகத்துக்கே சொல்லித் தந்தவர், தன் வேலையையே ஒரு ரெபரன்ஸ் நூலைப் பார்த்துத்தான் வாங்கினார்.

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத நூலகம். வகுப்பு, மாணவர் என்று கலகலப்பாக இருந்தவருக்கு அந்தத் தனிமை சிறை மாதிரி இருந்தது. மாநிலக் கல்லூரிக்கே ஓடிப்போய் பழைய வேலையைத் திருப்பித் தாங்கள் என்று கெஞ்சினார். லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

பொம்மையில் கிடைத்த ஐடியா

லண்டனில் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பயின்றார். அங்குள்ள நூலகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளி, குழந்தை, குடும்பப் பெண் என்று எல்லாத் தரப்பினரும் நூலகத்துக்கு வந்து போவதைக் கண்டார். நூலகம் என்பது புத்தகக் கிடங்கு அல்ல, மக்களை உயர்த்தும் கருவி என்பது அப்போது அவருக்கு உறைத்தது.

அதே லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். இது நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும் சங்கதி! ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரம், கம்பி, நட்டு, போல்ட். அதே பத்துச் சாமானை ஒரு மாதிரி முடுக்கினால் கிரேன், இன்னொரு மாதிரி முடுக்கினால் வண்டி. ரங்கநாதன் மனசில் மின்னல் அடித்தது. புத்தகங்களின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியபோது சேர்த்து முடுக்கினால் என்ன?

அன்று புழக்கத்தில் இருந்த டூயி தசம வகைப்பாடு 1876-இல் அமெரிக்காவில் வந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே எண் போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஆனால் எங்கள் ப்ராஜெக்ட் மாதிரிப் பல பக்கம் உள்ள பொருளை எங்கே வைப்பது? புளி என்பது ஒரு பக்கம், பதப்படுத்தல் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம். ரங்கநாதன் இந்தப் பக்கங்களைத் தனித்தனியாக எடுத்து, நடுவில் முக்காற்புள்ளி முதலிய குறிகளைப் போட்டு இணைத்தார். அந்தக் குறிதான் அவருக்கு நட்டு-போல்ட்! 1933-இல் கோலன் வகைப்பாடு என்ற பெயரில் அது நூலாக வெளிவந்தது. உலக நூலக அறிஞர்கள் இன்றைக்கும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

1925-இல் சென்னை திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவேயில்லை. வாசகர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். நூலக நேரத்தை நீட்டினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றவும், 1929-இல் நூலகர் பயிற்சி தொடங்கவும் முன்னின்றார்.

ஐந்தே விதிகள்

நியூட்டனுக்கு மூன்று விதி என்றால் ரங்கநாதனுக்கு ஐந்து. நூலக வேலை முழுவதையும் சில அடிப்படை விதிகளுக்குள் அடக்க முடியுமா என்று கணக்கு வாத்தியார் மூளை யோசித்துக்கொண்டே இருந்தது. 1928-இல் ஒரு மாலை, குரு ராஸ் அவரைப் பார்க்க வந்தார். சீடன் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, முதல் விதியைச் சட்டென்று எடுத்துக் கொடுத்தார். மற்ற நான்கும் அதிலிருந்து கிளைத்து வந்தன. அந்த ஆண்டே சிதம்பரத்தில் ஆசிரியர்கள் மத்தியில் அவற்றை விளக்கினார். 1931-இல் நூலாக வெளியிட்டார்.

என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன். முதலாவது, புத்தகம் பூட்டி வைக்கும் நகை அல்ல. எடுத்துப் பயன்படுத்தத்தான் இருக்கிறது. இரண்டாவது, எந்த வாசகன் வந்தாலும் அவனுக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். மூன்றாவது, அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கேற்ற வாசகன் வந்து சேர வேண்டும். நான்காவது, வாசகனின் நேரம் வீணாகக் கூடாது. ஐந்தாவது, நூலகம் உயிருள்ளது போல வளர்ந்துகொண்டே இருப்பது.

இதைப் படித்ததும் பூட்டிய அந்தப் பீரோ என் கண்முன் வந்தது. முதல் விதியிலேயே அது பெயில்! வீணாய்ப் போன என் மூன்று வாரம் நான்காம் விதியின் கணக்கு.

மாட்டு வண்டியில் நூலகம்

விதி எழுதினால் போதுமா? படிக்க வருகிறவனுக்கு மட்டும்தான் நூலகமா? 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். வாசகன் வராவிட்டால் புத்தகம் அவனைத் தேடிப் போகட்டும் என்பதுதான் அவர் கொள்கை.

நாடு விடுதலை பெற்ற மறு வருஷமே, 1948-இல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ரங்கநாதனின் பல வருஷ உழைப்பு இருந்தது. நம்ம ஊத்தங்கரை அப்போது சேலம் மாவட்டம். 1965-இல் தர்மபுரி மாவட்டம் ஆனது, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. மாவட்டம் மாறினாலும் அந்தச் சட்டம் கொண்டுவந்த நூலக வரி மாறவில்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். ஆக, பொது நூலகத்தில் போய்க் கேட்பது பிச்சை இல்லை நண்பர்களே. நம்ம அப்பா அம்மா கட்டிய காசு!

கேட்பவன் மனசை அறிதல்

இப்போது நூலகர் அம்மா சொன்ன ரெபரன்ஸ் சர்வீஸுக்கு வருகிறேன். அமெரிக்காவில் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன் என்பவர் 1876-இலேயே நூலகர் வாசகனோடு பேசிப் பழகி உதவ வேண்டும் என்று எழுதினார். ரங்கநாதன் அந்தக் கருத்தை நம் நாட்டுக்கு ஏற்ப வளர்த்து, 1940-இல் ரெபரன்ஸ் சேவை பற்றித் தனி நூலே எழுதினார். அலமாரி, பட்டியல், எண் எல்லாம் ஆயத்த வேலைதான். வாசகனையும் புத்தகத்தையும் நேருக்கு நேர் சேர்த்து வைப்பதுதான் நூலகத்தின் உண்மையான வேலை என்பது அவர் முடிவு.

அந்த உதவியை அவர் வகை பிரித்தார். புதிதாக வருபவனுக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டிப் பழக்குவது ஒன்று. புத்தகம் தேடித் தடுமாறுபவனுக்குப் பொதுவாகக் கைகொடுப்பது ஒன்று. உடனடி விடை தருவது இன்னொன்று. உதாரணமாக, அலுமினியம் எத்தனை டிகிரியில் உருகும் என்று கேட்டால் கையேட்டைப் புரட்டி 660 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிவிடலாம். நான்காவது, நீண்ட தேடல். எங்கள் புளி மிஷின் மாதிரிக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் விடை இருக்காது. நாலைந்து நூல், பத்திரிகை, அறிக்கை என்று தேடிக் கோர்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாசகன் கேட்பது வேறு, அவனுக்குத் தேவைப்படுவது வேறு. நான் ஸ்பிரிங் புத்தகம் கேட்டேன்; எனக்கு வேண்டியது ஈரப்பதம். இதை அதட்டிக் கேட்டால் வராது. பக்குவமாகப் பேச்சுக் கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். திக்குவாயால் கஷ்டப்பட்ட மனிதருக்கு, கேட்கத் தெரியாமல் நிற்பவனின் தவிப்பு நன்றாகவே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூரில் கடைசிக் காலம்

1945 வரை சென்னையில் உழைத்தவர், பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார் என்பார்கள். 1947-இல் டில்லிப் பல்கலைக்கழகம் சென்று, நூலகவியலில் உயர் படிப்பு வளரக் காரணமானார். நம்ம மெஷின் டிராயிங்கில் ஐ.எஸ். எண்கள் போடுகிறோமே, அவற்றை வெளியிட்ட இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆவணப்பணிக் குழுவுக்கும் பல வருஷம் தலைவராக இருந்தார்.

1957-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். சேர்த்த பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1956-இலேயே ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த நூலகவியல் பேராசிரியர் பதவிக்கு வழி செய்தார்.

1962-இல் பெங்களூரில் ஆவணப்பணி ஆராய்ச்சி பயிற்சி மையத்தைத் தொடங்கினார். எச்.ஏ.எல்., எச்.எம்.டி. என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. ஒரு எஞ்சினியர் ஏற்கெனவே ஒருவன் கண்டுபிடித்ததை மறுபடி கண்டுபிடித்துக் காலத்தை வீணாக்கக் கூடாது, வேண்டிய தகவலை வேண்டிய நேரத்தில் அவன் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கவலை. 1965-இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பஸ் பிடித்து வேலை தேடிப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாம் செய்ய வேண்டியது

இப்போது கையில் செல்போன் இருக்கே, நூலகர் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் ஸ்பிரிங் டிசைன் என்று போனில் தட்டினேன். ஸ்பிரிங்தான் வந்தது, ஆயிரக்கணக்கில் வந்தது! கேட்ட கேள்வி தப்பு என்பதால் வந்த விடைகளும் பயன்படவில்லை. எதுக்குப்பா என்று திருப்பிக் கேட்க அன்று ஒரு மனுஷி தேவைப்பட்டார்.

எனவே பேரவைக்கு எனது பணிவான வேண்டுகோள் இரண்டு. முதலாண்டு மாணவர்கள் சேர்ந்த வாரத்திலேயே அவர்களை நூலகத்துக்கு அழைத்துப்போய் எது எங்கே என்று காட்ட வேண்டும். கவுண்டரில் ஒரு கேள்வி நோட்டு தொங்கவிட வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவன் அதில் எழுதிவிட்டுப் போகட்டும், தமிழிலேயே எழுதட்டும். தெரிந்த சீனியர்களும் நூலகரும் சேர்ந்து பதிலும் புத்தக எண்ணும் எழுதி வைக்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

எங்கள் மிஷின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புளியை இன்னும் நன்றாகக் காயவைத்து, ரோலர் இடைவெளியைச் சரிசெய்தோம். இப்போது ஓடுகிறது. கொட்டை இன்னும் அங்கொன்றும் இங்கொன்றும் உடையத்தான் செய்கிறது. அம்மா ஒரு கூடைப் புளியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லைடா, மீதியைக் கையால பார்த்துக்கிறேன் என்றார். அன்றைக்கு ராத்திரி விரலில் துணி சுற்றாமல் சோறு போட்டார். எனக்கு அதுவே டிஸ்டிங்ஷன்!

தெரியாததைக் கேட்பது அவமானம் இல்லை நண்பர்களே. கேட்காமல் திரும்பி வந்த என் ஒரு வருஷம்தான் அவமானம். நூலகம் செல்வோம்! கூசாமல் கேட்போம்! வாழ்க ரங்கநாதன் புகழ்!